நாற்பது அல்ல, ஒன்பது நாள்

சிஸ்டர் றெஜினா செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் காலமானார். எனக்கு முதலில் சொன்னவர் இக்காஸ்டில் வசிக்கும் தேவராசாவின் மனைவி புஷ்பம். முதியோர் பராமரிப்பு வேலையிலிருந்து விடுப்பெடுத்து, கடைசி ஐந்து வாரமும் சிஸ்டரின் கட்டிலருகே இருந்தவர் அவர். பதினொன்றேகாலுக்கு சிஸ்டரின் துறவற சபை இல்லத் தலைவியும் தொலைபேசியில் உறுதிப்படுத்தினார். நோய், புற்றுநோய். வயது அறுபத்து நான்கு.

இந்த இரண்டு நாட்களில் சுற்றிவரும் அஞ்சலிக் குறிப்புகளில் ஒரு பிழை இருக்கிறது. "தமிழ்க் குடும்பங்களுக்காக நாற்பது நாள் உண்ணாவிரதம் இருந்தவர்" என்று எழுதுகிறார்கள். ஒன்பது நாள். ஒவ்வொரு நாளும் உண்ணாவிரதம் நடந்த மண்டபத்துக்குப் போய் வந்தவன் என்பதால் எனக்கு அது தெரியும். நாற்பது என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும். அதை அன்றே எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் விட்டது என் தவறு. எழுதச் சொன்னவர் சிஸ்டர்தான்.

அவரை அறிந்தவர்களுக்குப் பின்னணி தேவையில்லை. அறியாத இளையவர்களுக்காக ஒரு பத்தி. எண்பதுகளின் கடைசி. டென்மார்க்கில் அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்ட தமிழர்களில் பலர் தனி ஆட்கள். மனைவியும் பிள்ளைகளும் யாழ்ப்பாணத்திலோ கொழும்பு லொட்ஜ் ஒன்றிலோ இருந்தார்கள். அவர்களை அழைக்கச் சட்டத்தில் இடம் இருந்தது. விண்ணப்பங்களும் போயிருந்தன. பதில் மட்டும் வரவில்லை. மறுத்திருந்தால் மேன்முறையீடு செய்திருக்கலாம், மறுக்கவும் இல்லை. அந்தக் கோப்புகள் வேண்டுமென்றே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன என்பது பின்னர் வெளிவந்து, தமிழர் வழக்கு என்று பெயர் பெற்று, ஓர் அரசாங்கத்தையே வீட்டுக்கு அனுப்பியது. நான் சொல்லப்போவது அதற்கு முந்திய காலம். அப்போது எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: தபால் பெட்டி காலியாக இருந்தது.

அந்தக் காலத்தில், உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நாற்பது நாள் விரதமான தபசு காலம் தொடங்கிய வாரத்தில், சிஸ்டர் றெஜினா ஓகூசுக்கு வந்து இறங்கினார். மட்டக்களப்புப் பெண். வயது இருபத்தேழு. அவருடைய சபையின் தாய் இல்லம் ஸ்பெயினில். அங்கே இரண்டு வருடம் பயிற்சி பெற்று, ஸ்பானிய மொழி கற்று, முதற் பணியாக இங்கே அனுப்பப்பட்டிருந்தார். தமிழர்களுக்காக அல்ல. ஓகூசின் மேற்குப் புறத்துத் தொடர்மாடிகளில் சிலி நாட்டு அகதிக் குடும்பங்கள் இருந்தன. தங்கள் நாட்டில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது தப்பி வந்தவர்கள். அவர்களிடையே பணிசெய்யத்தான் அவர் வந்தார்.

இக்காஸ்டில் இருந்த தமிழர்களுக்கு இது பெரிய மனக்குறையாகிவிட்டது. தேவராசா என்னோடு ஒரே நெசவாலையில் வேலை செய்தவர். நான் அப்போது கையெழுத்துப் பிரதியாக ஒரு மாதப் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை இருவரும் ரயிலேறி அவரைப் பார்க்கப் போனோம். தேவராசா சைவர், ஆனாலும் நேராகவே கேட்டார்.

"சிஸ்டர், ஸ்பானிஷ் ஆக்களுக்கு என்னத்துக்குத் தமிழ்ச் சிஸ்டர்? எங்கட பிள்ளை எங்களுக்கு இல்லையோ?"

"உங்களுக்கு உங்கட வாய் இரிக்கு அண்ணன். அவங்களுக்குக் கிடைச்சது என்ட அரைகுறை ஸ்பானிஷ். பாவம் அவங்கதான்," என்றார் சிஸ்டர்.

பேசிக்கொண்டிருக்கையில் தேவராசா தன் கதையைச் சொன்னார். மனைவி புஷ்பம் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில். மகளுக்கு மூன்று வயது. புஷ்பம் ஆறு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது இவர் புறப்பட்டவர். பிள்ளையைப் பார்த்ததே இல்லை. விண்ணப்பம் போட்டு ஒன்றரை வருடம். பங்குக் கோயிலின் பெயர் அச்சிட்ட தாளில் குடிவரவு அலுவலகத்துக்கு ஒரு மரியாதையான கடிதம் எழுதித் தரச் சொன்னார். சிஸ்டர் எழுதினார். பதில் இல்லை. மூன்று வாரம் கழித்து இன்னொன்று எழுதினார். அதற்கும் இல்லை.

சிலிக்காரர் வீடுகளில் அவருடைய முதல் வாரங்கள் எப்படிப் போயின என்று அவரே பின்னால் பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார். முதல் வீடு லூசியா, ஒஸ்வால்டோ தம்பதியினுடையது. ஒஸ்வால்டோ ஊரில் செம்புச் சுரங்கத் தொழிற்சங்கக்காரர். கதவைத் திறந்தவர், "சகோதரி, கடவுளை நான் நம்புவதில்லை. சாப்பாடு இருக்கிறது" என்றாராம். சிஸ்டர் நம் ஊர் வழக்கப்படி, "இல்லை, வேண்டாம், இப்போதுதான் சாப்பிட்டேன்" என்றார். சாப்பிட்டிருக்கவில்லை. நாலு மாடி ஏறி வந்த பசி வேறு. இரண்டாந்தரம் கேட்பார்கள், "அதெப்படி, கொஞ்சமாவது" என்று தட்டில் போடுவார்கள் என்று காத்திருந்தார்.

ஒருவரும் போடவில்லை. தபசு காலம், துறவுப் பெண், வேண்டாம் என்கிறாள். இது அவளுடைய விரதம், வற்புறுத்துவது பாவம் என்று லூசியா நினைத்துக்கொண்டார். அடுத்த வீட்டுக்கும் சொல்லி வைத்தார். அந்தச் செய்தி சிஸ்டருக்கு முன்னால் மாடி மாடியாக ஏறியது. ஒவ்வொரு வீட்டிலும் ஒருமுறை கேட்டார்கள். அவர் வேண்டாம் என்றார். தலையசைத்து மூடியைத் திரும்பப் போட்டார்கள். அவர் தங்கியிருந்த இடத்திலோ வயதான சிஸ்டர்மார் இருவர், மத்தியானம் கறுப்புப் பாணும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டுவிட்டுச் சமையலறையைப் பூட்டுகிறவர்கள். "நீ வீடுகளில் சாப்பிடுவாய்" என்பது ஏற்பாடு. காலைக் கோப்பியோடு கிடைத்த இரண்டு துண்டுப் பாண்தான் அவருக்கு அன்றைய சாப்பாடு.

"பொரிச்ச வெங்காய வாசம் தம்பி," என்பார் என்னிடம். "செபம் சொல்ற வாய்க்குள்ள தண்ணி ஊறும். மறுகா கேப்பாங்க எண்டு பாத்துக்கிட்டே இருப்பன்."

தபசு காலம் முடிந்தது. உயிர்த்த ஞாயிறும் போனது. பழக்கம் போகவில்லை, அவர் முதல்முறை வேண்டாம் என்றார், அவர்கள் விட்டுவிட்டார்கள். ஆனால் இப்போது அவர்களுக்கு ஒரு கேள்வி வந்தது. தபசு காலமும் இல்லை, பிறகு ஏன் சாப்பிடுவதில்லை? முகம் ஒட்டிப்போயிருந்தது. அந்த வாரங்களில் அவர் வீட்டுக்கு வீடு தன் நாட்டு மக்களைப் பற்றிச் சொல்லியிருந்தார்: பதில் வராத கடிதங்கள், பார்க்காத பிள்ளை. ஒஸ்வால்டோவின் தம்பியை இராணுவம் கொண்டுபோனது; எங்கே என்று கேட்டு ஒஸ்வால்டோ தன் ஊர்க் கோயில் ஒன்றில் பதினேழு நாள் பட்டினி இருந்தவர். அந்த மனிதருக்கு ஒரு பெண் சாப்பிடாமல் இருப்பதற்கு அர்த்தம் ஒன்றுதான்.

அதன் அடுத்த சனிக்கிழமை பகல் நானும் தேவராசாவும் வழக்கம்போலப் போனோம். கோயில் மண்டபத்துக் கதவைத் திறந்த சிஸ்டர் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே பதினொரு சிலிக்காரர்கள். தரையில் மெத்தைகள், போர்வைகள், தண்ணீர்ப் போத்தல்கள், ஒரு பை உப்பு. சுவரில் கட்டில் விரிப்பொன்று. அதில் லூசியா டெனிஷ் மொழியில் எழுதியிருந்தார்: தமிழ்க் குடும்பங்களுக்குப் பதில் கொடு. ஒஸ்வால்டோ எழுந்து வந்து, இவ்வளவு நாளும் உங்களைத் தனியே இருக்கவிட்டதற்கு மன்னிக்க வேண்டும் என்றார். சிஸ்டர் எங்களுக்கு அதைத் தமிழில் சொன்னார்.

தேவராசா என் கையைப் பிடித்துக்கொண்டார். "சொல்லிப்போடுங்கோ சிஸ்டர். இது பிழை விளங்கின விசயம் எண்டு சொல்லிப்போடுங்கோ. வில்லங்கத்துக்குப் போக வேண்டாம்."

சிஸ்டர் சொன்னார். நான் வேண்டாம் என்றது எங்கள் ஊர் மரியாதை. முதல்முறை கேட்டதும் ஓம் என்று சொல்வது பேராசைக்காரி மாதிரி. நீங்கள் இரண்டாந்தரம் கேட்பீர்கள் என்று ஏழு வாரமாகக் காத்திருக்கிறேன் என்றார். முதலில் சிரித்தவர் லூசியா. சிரித்துச் சிரித்து மெத்தையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எல்லோரும். ஒஸ்வால்டோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்படியானால் உங்களுக்குப் பசிக்கிறதா?" என்று கேட்டார். "செத்துக்கொண்டிருக்கிறேன்" என்றார் சிஸ்டர்.

மெத்தைகளைச் சுருட்டத் தொடங்கினார்கள். அதோடு முடிந்திருக்க வேண்டியது. தேவராசா சிரிக்கவில்லை. மெல்லச் சொன்னார்:

"நானும் அப்பிடித்தான் சொன்னனான் சிஸ்டர்."

"எங்க? எவங்ககிட்ட?"

"விண்ணப்பம் குடுக்கேக்கை. ஒப்பீசிலை இருந்த டெனிஷ் பிள்ளை கேட்டது, அவசரமோ எண்டு. வந்த உடனை அவசரம் எண்டால் மரியாதையில்லைத்தானே? பரவாயில்லை, பொறுத்திருக்கிறன் எண்டனான். அவ எழுதினவ."

கையிலிருந்த பையிலிருந்து நகலை எடுத்துக் கொடுத்தார். எனக்கு அப்போது டெனிஷ் வாசிக்க வரும், வாசித்தேன். விண்ணப்பதாரர் தன்னால் காத்திருக்க முடியும் எனத் தெரிவித்தார். ஒரு வரி. அந்தப் பெண் உத்தியோகத்தர் சொன்னதைச் சொன்னபடி எழுதியிருந்தார், அவர்மேல் குற்றமில்லை.

அந்த வரியைச் சிஸ்டர் ஒஸ்வால்டோவுக்கு ஸ்பானிய மொழியில் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. சிஸ்டர் தேவராசாவைப் பார்த்து, "அண்ணன், இந்த நாட்டுல ஒருத்தரும் ரெண்டாந்தரம் கேக்க மாட்டாங்க. பசி எண்டா பசி எண்டு சொல்லுவம்," என்றார். சிலிக்காரர்களிடம் திரும்பி, மெத்தைகளை விரியுங்கள் என்றார். இன்றைக்குச் சாப்பிடுவேன், நாளை காலை ஆறு மணியிலிருந்து சாப்பிடமாட்டேன், இந்த முறை உண்மையாக.

லூசியா வீட்டுக்குப் போய் அவரைக்கொட்டைக் கறியும் பாணும் கொண்டுவந்தார். சிஸ்டர் இரண்டு தட்டு சாப்பிட்டார். மூன்றாவது தட்டையும் கேட்டார், முதல்முறையிலேயே. பின்னேரம் நாலு மணி இருக்கும்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தொடங்கியது உண்ணாவிரதம். சிலிக்காரர்கள் முறைபோட்டு இருந்தார்கள். தொடர்ந்து இருந்தவர்கள் சிஸ்டரும் ஒஸ்வால்டோவும். குடிவரவு அலுவலகத்துக்கு அனுப்பிய கோரிக்கையை எழுதியவர் ஒஸ்வால்டோ. குடும்பங்களை உடனே அழைத்து வா என்று எழுத நாங்கள் நினைத்தோம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அனுபவஸ்தர். "ஆம் அல்லது இல்லை, எழுத்தில், திகதியோடு, கையொப்பத்தோடு" என்று மட்டும் எழுதினார். "அதை மறுப்பதற்கு அவர்களுக்கு ஒரு காரணமும் கிடைக்காது," என்று எனக்கு டெனிஷில் விளக்கினார்.

தேவராசா ஒவ்வொரு நாளும் காலை முறை வேலை முடிந்து இரண்டு மணிக்கு வெளியே வந்து, ரயிலேறி, சிஸ்டர் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவார். வேறு தமிழர்கள் முதல் மூன்று நாளும் வரவில்லை. நாலாம் நாள் எங்கள் தமிழர் சங்கத்தின் அன்றைய தலைவர் வந்தார். நல்ல மனிதர், பயந்த மனிதர். அந்தப் பயம் எங்கள் எல்லோருக்கும் இருந்தது.

"சிஸ்டர், எங்கட பேரைக் கெடுக்காதேங்கோ. இவங்கள் அரசியல்காரர். தமிழ் ஆக்கள் அமைதியான ஆக்கள் எண்டு டெனிஷ்காரன் ஒரு நல்ல எண்ணத்தோடை இருக்கிறான்."

"அமைதியா இருந்தீங்க. எத்தின குடும்பம் வந்திச்சி?"

"பாக்கிறம் எண்டுதானே சொல்லியிருக்கினம்."

"பாக்கிறம் எண்டுறது பதில் இல்ல ஐயா. அவங்க பாத்துக்கிட்டே இருப்பாங்க. நீங்களும் பாத்துக்கிட்டே இருப்பீங்க. இந்த அண்ணன்ட புள்ள பள்ளிக்கூடம் போயிடும்."

தலைவர் கோபமாகத்தான் போனார். ஆனால் ஐந்தாம் நாள் திரும்பி வந்தார், ஏழு பேரோடு. சப்பாத்தைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்கள். ஒஸ்வால்டோ அவர்களுக்கு இடம் விட்டு நகர்ந்தார்.

ஆறாம் நாள் மண்டபத்துத் தொலைபேசி அடித்தது. ஸ்பெயினிலிருந்து சபையின் தலைமைச் சிஸ்டர். உதடு வெடித்துப்போயிருந்த சிஸ்டர் றெஜினா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்ப் பேசினார். என்ன சொன்னார்கள் என்று நான் கேட்டேன். "உன்னை ஸ்பானிய மொழி பேசுறவங்களோட இருக்கத்தானே அனுப்பினோம் எண்டாங்க. அவங்களோடதான் இருக்கன் எண்டன்," என்றார்.

ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை பகல், குடிவரவு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. தேவராசாவின் பெயருக்கு. விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது. முடிவு எப்போது எனத் திகதி கூற இயலாது. கீழே கையொப்பம். அவ்வளவுதான். நான் வாசித்து முடித்ததும் தலைவர், "இதுக்கோ ஒன்பது நாள் பட்டினி?" என்றார். எனக்கும் அதுதான் மனதில் இருந்தது. சிஸ்டர் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். டெனிஷ் அவருக்கு அப்போது அதிகம் வராது. திகதியைத் தொட்டார், கையொப்பத்தைத் தொட்டார். "இனி அவங்க எங்களுக்குத் தெரியா எண்டு சொல்ல ஏலா. பேரைப் போட்டிட்டாங்க," என்றார். அதன் பிறகுதான் லூசியா தந்த சர்க்கரைத் தண்ணீரைக் குடித்தார்.

அந்தக் கடிதத்தை வைத்து ஒரு டெனிஷ் வழக்கறிஞர் கட்டணம் வாங்காமல் முறைப்பாடு எழுதினார். அதைப் பார்த்து இன்னும் பலர் தங்கள் கோப்புகளுக்கு எழுத்தில் பதில் கேட்டார்கள். புஷ்பமும் மகளும் அடுத்த வருடம் வந்தார்கள். நிறுத்தி வைத்திருந்த கோப்புகள் எல்லோருக்கும் நகரத் தொடங்கிய காலம் அது. உண்ணாவிரதத்தால்தான் வந்தார்கள் என்று நான் எழுதமாட்டேன். ஆதாரம் என்னிடம் இல்லை. விமான நிலையத்தில் தேவராசாவை அப்பா என்று கூப்பிட அந்தப் பிள்ளை மறுத்து, தாயின் பின்னால் ஒளித்துக்கொண்டாள் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. நான் பக்கத்தில் நின்றேன். சிஸ்டர் வரவில்லை. சிலிக் குடும்பமொன்றில் ஞானஸ்நானம். தன் வேலை அங்கே என்றுவிட்டார். முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாக, பலர் ஊர் திரும்பிய பிறகும், ஒஸ்வால்டோ இறந்த பிறகும், அந்தத் தொடர்மாடிகளில்தான் இருந்தார்.

நாற்பது நாள் கதைக்கு வருகிறேன். தபசு காலத்திலிருந்தே சாப்பிடவில்லை என்று சிலிக்காரர் சிலர் நம்பியிருந்தது இக்காஸ்டிலும் எஸ்பியர்க்கிலும் இருந்த தமிழர்களிடம் நாற்பது நாளாகப் போய்ச் சேர்ந்தது. என் பத்திரிகையில் நான் நாற்பது என்று எழுதவில்லை; ஒன்பது என்றும் எழுதவில்லை. "நீண்ட உண்ணாவிரதம்" என்று எழுதினேன். மரியாதைக்கு வேண்டாம் என்றதில் தொடங்கியது என்று எழுதினால் சிரிப்பார்களே என்று பயம். சிஸ்டர் வாசித்துவிட்டுக் கூப்பிட்டார். "எழுதினா முழுக்க எழுதுங்க தம்பி. நாப்பது நாள் இருந்தவ எண்டா கும்பிடுவாங்க. பசியில மூணு தட்டுச் சாப்பிட்டுப்போட்டு இருந்தவ எண்டாத்தான் நாமளும் இருக்கலாம் எண்டு நினைப்பாங்க." அதற்குப் பிறகு இரண்டுமுறை நினைவூட்டினார். மூன்றாவது முறை கேட்கவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கண்டிப்பு. அந்த நாட்களுக்குப் பிறகு எத்தனையோ அலுவலகங்களில், எத்தனையோ அமைச்சர்களின் செயலாளர்களிடம் கேள்வி கேட்டு நின்றிருக்கிறேன். பார்க்கிறோம் என்று யாராவது சொன்னால் குறிப்புப் புத்தகத்தை மூடுவதில்லை. பெயரைக் கேட்கிறேன், திகதியைக் கேட்கிறேன். அது அவர் எனக்குப் பழக்கியது. செய்தியை முழுக்க எழுதுவது இன்னும் பழகி முடியவில்லை. இது ஒரு முயற்சி.

இதை எழுதும்போது தெரியாமல் இருப்பது ஒன்று. அவரை எங்கே அடக்கம் செய்வது என்று முடிவாகவில்லை. சபையின் வழக்கம் ஸ்பெயினில் உள்ள சபைக் கல்லறை. இங்கேயே அடக்கம் செய்ய வேண்டும் என்று லூசியாவும் தேவராசா குடும்பமும் புதன்கிழமை சபைக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். பங்குக் கோயில் சம்மதித்துவிட்டது. சபை ஆலோசனைக் கூட்டம் நாளை காலை; முடிவு வெள்ளி நண்பகலுக்குள் வரும் என்று இல்லத் தலைவி சொன்னார். இக்காஸ்டிலிருந்து இரண்டு வானும் எஸ்பியர்க்கிலிருந்து ஒரு வானும் தயார்; எங்கே போவது என்று தெரியாமலே ஆட்கள் பெயர் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஸ்பெயின் என்று வந்தால் என்ன செய்வீர்கள் என்று புஷ்பத்தைக் கேட்டேன்.

"போவம் அண்ணை. ஸ்பெயின் எண்டா ஸ்பெயின். அந்த லொட்ஜிலை பிள்ளையையும் வைச்சுக்கொண்டு ஆர் எண்டே தெரியாத ஆக்களின்ரை பதிலுக்குக் காத்திருந்தவள் நான். வெள்ளிக்கிழமை எண்டது எனக்கு ஒரு தூரமே?"